எந்த ஊரும்மா இது?

கண்டக்டர் புதுப் பெயரைச் சொல்லிக் கூவியபோது, அது தன் ஊர்தான் என்று விடுதிக்காரிக்கு ஒரு கணம் உறைக்கவே இல்லை. அவசரமாக இறங்கினாள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. ஏரியிலிருந்து பாசி வாடையோடு பனிமூட்டம் சாலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

பெயரை மாற்ற நாயாய் அலைந்தவளே அவள்தான். பழைய பெயர் ஓர் ஓடக்காரியுடையது. பெருவெள்ளத்தில் ஊரையே தன் படகில் ஏற்றிக் கரைசேர்த்தவள். எல்லோரையும் இறக்கிவிட்டு அவள் கடைசியாகக் கரையேறும் முன், கரையிலிருந்து படகைப் பிடித்திருந்த கயிறு கைநழுவி, வெள்ளம் அவளைக் கொண்டுபோனது. ஊர் அவள் பெயரைச் சூட்டிக்கொண்டு மனதை ஆற்றிக்கொண்டது.

கயிற்றைப் பிடித்திருந்தவர் விடுதிக்காரியின் கொள்ளுத்தாத்தா. நழுவியதா, பயந்துபோய் விட்டாரா என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

செத்தவள் பெயரில் ஊர் இருந்தால் எவன் வந்து விடுதியில் தங்குவான் என்று ஊர்க் கூட்டத்தில் வாதாடி ஜெயித்தாள். உண்மையில், அந்தப் பெயரைக் காதால் கேட்கப் பொறுக்காதவள் அவள்தான்.

நிழற்குடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மழையே பெய்யவில்லை.

"எந்த ஊரும்மா இது?"

விடுதிக்காரி புதுப் பெயரைச் சொன்னாள்.

"அப்ப இது என் ஊரு இல்லையா?" குரலில் கோபமே இல்லை. வழி தவறியவளின் தவிப்புதான் இருந்தது. "இங்கதானே எல்லாரையும் இறக்கிவிட்டேன்."

விடுதிக்காரி கண்ணை மூடித் திறந்தாள்.

பெஞ்சு காலி.

ஈரக் கால்தடங்கள் ஏரியைப் பார்த்துப் போயின. போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. கரையில் போய் நின்றாள்.

"அவரு கயித்த விட்டாரு," என்றாள் தண்ணீரைப் பார்த்து. "நான் பேரையும் எடுத்துட்டேன். மன்னிச்சிடு தாயி."

பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டாள். அழுதபடியே மறுபடியும் கூப்பிட்டாள்.

நீரில் ஒரு சலனம்கூட இல்லை. அழுது தீர்த்ததில் மனம் கொஞ்சம் லேசானது. ஆளில்லாத தன் வீட்டுக்கு வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பின்னறை இருட்டிலிருந்து, வேலைக்கு நடுவே யாரோ குரல் கொடுப்பதுபோல, மெல்லக் கேட்டது:

"ம்... கூப்பிட்டியாம்மா?"