பட்டினி போட்ட பிளாஸ்க்

திங்கட்கிழமை காலையில் இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியின் இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது செல் வளரும் பிளாஸ்க் குப்பிகள் எல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தன. ஒன்று மட்டும் மஞ்சளாகியிருந்தது.

அந்த ஆராய்ச்சி லேபில் வேலை பார்க்கும் எப்சிக்கு அது பிடிக்கவில்லை. செல்களுக்கு ஊற்றும் திரவம் முதலில் ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். அவை தின்று கழிவைத் தள்ளத் தள்ள மஞ்சளாக மாறும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அவள் எல்லாவற்றையும் பட்டினி போட்டுவிட்டுப் போயிருந்தாள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, வெறும் உப்புத் தண்ணீரைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பட்டினி கிடக்கும் கொழுப்புச் செல், தான் சேர்த்து வைத்த எண்ணெய்த் துளியை எந்தப் புரதத்தால் உடைக்கிறது, எந்தப் புரதம் உடைக்க விடாமல் காவல் நிற்கிறது என்பதுதான் அந்த லேபின் ஆராய்ச்சி. பருமனும் சர்க்கரை நோயும் அந்தக் காவல்காரனிடம்தான் தொடங்குகின்றன என்று நம்பினார்கள். சரி, சாப்பாடே போடாத இலை எப்படி எச்சிலாகும்?

கண்ணாடிக் கதவையும் திறந்தாள். எப்போதும் வாசனையே இல்லாத ஈரச் சூடு முகத்தில் அடிக்கும். அன்று அதில் தேங்காய் எண்ணெயும் பவுடரும் லேசான வியர்வையும் கலந்து அடித்தது. வெகுநேரம் யோசித்த பிறகுதான் அது தன் தலையணை உறையின் வாசனை என்று தெரிந்தது.

அந்த மஞ்சள் பிளாஸ்க்கில் இருந்தது அவளுடைய கொழுப்பு.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மாடியில் இருந்தது அவர்கள் லேப். ஆபரேஷன் ஆகும் நோயாளிகள் சம்மதித்துத் தரும் கொழுப்புத் துண்டுகளில் செல் வளர்ப்பார்கள். இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தன் உடம்புச் செல்லைத் தானே வளர்க்கக் கூடாது. அடுத்தவர் செல் தவறிப்போய் ஊசி குத்தி உள்ளே நுழைந்தால், உடம்பு அந்நியன் என்று கண்டுகொண்டு விரட்டிவிடும். தன் செல் திரும்பி வந்தால் நம்ம ஆள்தான் என்று பாய் விரித்துக் கொடுத்துவிடும். அதுவும் லேபில் வளர்வது பழைய செல் இல்லை; சாகாமல் பெருகுவதற்காக அதற்குள் ஒரு ஜீனைச் செலுத்தியிருப்பார்கள். உள்ளே போனால் புற்றாகப் பெருகும்.

எப்சி லேபில் யாரிடமும் சொல்லாமல், தெரிந்தேதான் செய்தாள். பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்தபோது, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கொழுப்பை எடுத்து வைக்கும்படி சர்ஜனிடம் கேட்டு வாங்கினாள். காரணம் லேபின் தலைவர் ஞானசிகாமணி சார். நல்ல மனிதர், நாக்குக்குத்தான் பூட்டு கிடையாது. வெளியூர் விருந்தாளிகள் முன்னால், “சாம்பிளுக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்ல, தினம் சேரன்மகாதேவி பஸ்ல வந்து இறங்குது” என்று குண்டாக இருந்த எப்சியைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எப்சியும் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். சாம்பிள்தானே? நானே தருகிறேன், நானே வளர்க்கிறேன், கட்டுரையில் என் பெயர்தான் முதலில் வரும், யார் என்ன செய்துவிடுவீர்கள் என்று வீம்பு பிடித்தாள்.

பிளாஸ்க் மஞ்சளான வாரத்தில் அவள் மெலியத் தொடங்கினாள்.

முதலில் சுடிதார் தொளதொளத்தது. பிறகு பஸ்ஸில், அவள் உட்கார்ந்த சீட்டில் எல்லாரும் உட்காரத் தயங்கிய காலம் போய், இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

“ஏட்டி, என்னதான் சாப்பிடுத? எங்க வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்குடேன்” என்றாள் விக்டோரியா டீச்சர்.

அம்மா சாரம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஆண்டவர் என் ஜெபத்தக் கேட்டுட்டாரு” என்று எல்லாரிடமும் சொன்னாள்.

வீட்டில் எப்சி எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னாள் என்பதுதான் கொடுமை. இடியாப்பமும் சொதியும் சட்டியோடு காலியாயின. சாப்பிட்டு எழுந்ததும் வயிறு மறுபடி வெறுமையாகக் கிடந்தது. ஒருத்தி கரைந்துகொண்டிருக்கிறாள், ஊரே கைதட்டுகிறது. காய்ச்சலில் இப்படி மெலிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். குண்டுப் பெண் மெலிந்தால் மட்டும் அது நோயில்லையாம், அழகாம்!

ஒரு நாள் லேபில் கையுறையைக் கழற்றியபோது வளையலைக் காணவில்லை. சின்ன வயதில் கோயிலில் திடப்படுத்தல் எடுத்து முதல் நற்கருணை வாங்கிய வருஷம் அம்மா போட்டுவிட்ட தங்க வளையல் அது. சோப்புப் போட்டாலும் கழலாமல், மணிக்கட்டுச் சதையில் பள்ளம் பறித்து உட்கார்ந்திருந்தது. கூட வேலை பார்க்கும் ஹனீன் தரையில் குனிந்து தேடினாள்.

“தங்கம்லா, எங்க போயிரும்? இங்கனதான் கெடக்கும், பைய தேடுவோம்.”

தண்ணீர்த் தொட்டி, குப்பைக்கூடை, மேசைக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. அன்று எப்சி பலமுறை கைவிட்டுத் துழாவிய இடம் இன்குபேட்டர் ஒன்றுதான். அங்கேயும் பார்த்தாள். தட்டுகளில் பிளாஸ்க்குகள்தான் இருந்தன.

அவளுடைய பிளாஸ்க்கில் பாலாடை போல ஒரு படலம் திரவத்தின் மேலே மிதந்தது. கொழுப்புச் செல் எண்ணெய் அல்லவா, மிதக்கத்தான் செய்யும். மைக்ராஸ்கோப்பில் வைத்து ஹனீனைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு செல்லும் விம்மிப் புடைத்து, ஒரே எண்ணெய்த் துளியால் நிறைந்து, இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தது.

“இதுவா பட்டினி போட்டது?” ஹனீன் கண்ணை எடுக்காமலே கேட்டாள். “பொய் சொல்லாத. விருந்துல்லா போட்டுருக்க.”

“நான் போடல.”

“பின்ன யாரு போட்டா?”

நேற்றுத் தின்ற இடியாப்பம் எங்கே போனது என்று எப்சிக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அன்று மதியமே கொன்றுவிடத் தீர்மானித்தாள். படலத்தில் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் பிளீச்சை ஊற்றினாள். அது சுருங்கியது. அதே நொடியில் கொதிக்கிற எண்ணெயை அடிவயிற்றில் கொட்டிய மாதிரி ஒரு எரிச்சல். மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாத்ரூமில் போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். காயம் இல்லை, கொப்புளம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சதை அப்படியே உள்வாங்கி, தோல் மட்டும் குழிந்து கிடந்தது. தொட்டபோது இடுப்பெலும்பு தட்டுப்பட்டது.

ஆக, அதைக் கொன்றால் இவளும் போவாள். விட்டு வைத்தால் இவள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய்ச் சேர்வாள்.

அடுத்த நாள் ஞானசிகாமணி சார் கூப்பிட்டார். “ஒன் பிளாஸ்க்ல கிருமி பிடிச்சிருக்குன்னு ஹனீன் பயப்படுதா. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சிரும்மா. நீயும் இப்பத்தான் பாக்க நல்லா இருக்க, போயி ரெண்டு நாள் ரெஸ்ட் எடு.”

“மாட்டேன் சார்.”

“என்னது?”

“அது நோயாளி குடுத்ததில்ல சார். என்னுது. என் வயித்துல இருந்து எடுத்தது. அவிக்க விடமாட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. “தன் செல்லயா வளக்குத? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? மீட்டிங் முடிஞ்சு வந்து நானே தூக்கிப் போடுதேன். நீ கெளம்பு.”

எப்சி கிளம்பவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, ஜன்னல் கண்ணாடியில் சாட்டை மாதிரி அடித்தது. ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரங்கள் இருட்டில் கரைந்தன. கரண்ட் போனது. கீழே ஜெனரேட்டர் ஓடியும் மாடிக்கு வெளிச்சம் வரவில்லை. குளிர்பெட்டிகள் ஒவ்வொன்றாக இரைச்சலை நிறுத்தின. இன்குபேட்டரின் சிவப்பு எண்களும் அணைந்தன.

ஆனால் அதன் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஹனீனும் அதைக் கேட்டாள். காற்றாடிச் சத்தம் இல்லை. இழுத்து, நிறுத்தி, விட்டு. இழுத்து, நிறுத்தி, விட்டு. ஹனீன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எப்சியின் கையைப் பிடித்தாள். எலும்பு தட்டுப்பட்டதும் சட்டென்று விட்டாள்.

“வா எப்சி, போயிருவோம். அவரு வந்து என்னமும் செய்யட்டும்.”

“அவரு செஞ்சா நான் செத்துருவேன். நீ போ ஹனீன்.”

ஹனீன் வாய்க்குள் ஓதிக்கொண்டே படியிறங்கிய சத்தம் மழையில் மறைந்தது.

எப்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே இன்னொன்று பொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தன்று எல்லாரும் சிரித்தபோது அவள் முழங்காலிட்டு ஒரு ஜெபம் செய்தாள்: ஆண்டவரே, இதை என்னிடமிருந்து எடுத்து வேறு எங்கேயாவது வைத்துவிடும். அம்மாவும் அதைத்தான் கேட்டாள், ஊரும் அதைத்தான் கேட்டது. எடுத்து வைத்தாகிவிட்டது. இப்போது எல்லாருக்கும் சந்தோஷம், இவள் ஒருத்தியைத் தவிர. டைபாய்டில் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தபோது உள்ளிருந்தே ஊட்டி அவளைப் பிழைக்க வைத்தது அந்தக் கொழுப்பு. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் வந்து ஊட்டவில்லை. அது அவளுடையது. யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்தப் பெட்டிக்கும்தான்.

உடம்பு தன் செல்லை விரட்டாது. எதற்காக அந்தக் கட்டுப்பாடோ, அதுவே இப்போது வழியாகத் தெரிந்தது. பெரிய ஊசி ஒன்றைப் பிரித்தாள். கையில் பிடித்துக்கொண்டாள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது. அது இவளை இழுப்பதற்குள் இவள் அதை இழுத்துக்கொள்வது. அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம். சார் வந்துவிட்டார்.

செல்போன் விளக்கைப் போட்டாள். இரும்புக் கதவில் கை வைத்தாள். சூடு. கரண்ட் இல்லாத பெட்டியில் உடம்புச் சூடு. தலையணை வாசனை.

திறந்தாள்.

பிளாஸ்க் இல்லை. தட்டுகள் இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முழுக்க, மூலை முடுக்கெல்லாம், வெளிர் மஞ்சள் சதை. கண்ணாடியில் அமுங்கி, அகன்று, மூச்சுக்கு ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தொப்புள். பக்கத்தில் தையல் தழும்பு. இவள் வயிற்றில் இருக்கும் அதே தழும்பு.

ஊசி கையிலிருந்து விழுந்தது. இவ்வளவையும் எந்த ஊசியில் அடைப்பது?

படியில் செருப்புச் சத்தம். “எப்சி! இருக்கியா மேல?”

சதை புரண்டது. அதற்குள்ளிருந்து ஒன்று பிதுங்கி வந்து கண்ணாடியில் பதிந்தது. கை. கொழுத்த, வழவழப்பான, குழி விழுந்த கணுக்களுடன். அவளுடைய பழைய கை. மணிக்கட்டில் தங்க வளையல். சதைக்குள் புதைந்து, இறுக்கமாக.

எப்சி பின்வாங்கவில்லை.

“அது என்னுது” என்றாள். சொன்னதைத் திரும்பவும் சொன்னாள். “எல்லாமே என்னுது. குடு.”

கண்ணாடிக் கதவின் கொக்கியை எடுத்தாள்.

கை வெளியே நீண்டது. வெதுவெதுவென்று அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டு, அதற்கு மேலும் ஒரு சுற்றுப் போயின. இழுத்தது.

எப்சி காலை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் அந்த வளையலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். அவளும் இழுத்தாள்.