நடுவில் நின்ற முள்

காலை பத்தரை மணிக்குப் பாலத்தைத் தாண்டிய சாலையில் ஓர் அலறல் கேட்டது. பெட்ரோல் பங்க் ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பழைய பிக்கப் ஒன்று முன்மூடி திறந்தபடி புகைந்துகொண்டு நின்றது. அதன் முன்னால் ஓர் இளைஞன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டுகொண்டிருந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறான். கொதிநீர் அப்படியே முகத்தில் பாய்ந்துவிட்டது. கண் பிழைக்குமா என்பது கண்ணில் போட்ட கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர்.

அவனுடைய அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவின் கணவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற மைக்செட்காரர். வண்டி அவருடையதுதான். அவர் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய், போன வாரம் வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் மேல் புகார் கொடுத்தார்.

மறுநாள் காலை எல்லாரும் நிலையத்து முற்றத்தில் கூடினார்கள். பிக்கப்பும் அங்கேதான் நின்றது. அதன் பின்புறத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒயர்ச் சுருள்களும் கிடந்தன. இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குக் குரலை உயர்த்தும் பழக்கமே கிடையாது. அதனாலேயே அங்கே எல்லாருக்கும் அவரிடம் பயம்.

"என்ன வேலை செஞ்சீங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"தண்ணி போற ஹோஸ் மாத்தினேன் மேடம். ஹாரன் ஒயர் அறுந்திருந்தது, முறுக்கி டேப் சுத்தினேன். அவ்வளவுதான். ரேடியேட்டர் அடைச்சிருக்கு, மாத்தியே ஆகணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவர் காதுலயே வாங்கிக்கல."

"பச்சைப் பொய்!" மைக்செட்காரர் குதித்தார். "சூடு காட்டுற முள்ளு மேல போகுதுன்னுதான் வண்டியைக் குடுத்தேன். எல்லாம் சரியாயிடுச்சுன்னு திருப்பிக் குடுத்தான். அப்புறம் முள்ளு நடுவுலயே நின்னுது. நானும் நம்பித் தொலைச்சேன்."

அக்கா மெக்கானிக்கைப் பார்த்து வெடித்தாள். "நீ நல்லா இருப்பியா? என் தம்பி கண்ணைப் பறிச்சுட்டியே!" மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் பக்கம் பேச ஒரு நாதி இல்லை.

அடுத்து, வண்டியை விலைக்குப் பார்க்க வந்தவர். விபத்தின்போது பக்கத்துச் சீட்டில் இருந்தவர் அவர்.

"வண்டி இழுக்கல. ஒரு மாதிரி வாடை வந்துது. நிறுத்தினோம். 'முள்ளு நடுவுலதான் இருக்கு, சூடெல்லாம் இல்ல, தண்ணி இருக்கான்னு பார்த்துடறேன்'னு சொல்லித்தான் அந்தத் தம்பி மூடியைத் திறந்தாரு."

"நீங்க கிளம்பும்போது இவர் எங்க இருந்தார்?" என்று மைக்செட்காரரைக் காட்டிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வாசல்லயே நின்னாரு. ஓட்டிக் காட்டறேன்னு அந்தத் தம்பி சாவி கேட்டதும் குடுத்துட்டு, பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. நான்தான் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்போம்னு..."

இன்ஸ்பெக்டர் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார். முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது.

"முள்ளு நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார் ஏட்டு.

"என்ஜினைத் தொட்டுப் பாருங்க."

"ஜில்லுனு இருக்கு." சொன்ன பிறகுதான் ஏட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நம்ம ஜீப்புல காலையில சாவி போட்டா முள்ளு எங்க இருக்கும்?"

"அடியில கிடக்கும் மேடம்."

"இது ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜின். முள்ளு மட்டும் பாதிச் சூடு காட்டுது. நடுவுல நின்னா நல்ல வண்டின்னு நாம எல்லாருமே நம்பிட்டோம்."

அவர் இறங்கி என்ஜினுக்குள் கையை விட்டார். சூட்டை அளக்கும் சென்சாருக்குப் போக வேண்டிய ஒயர் அறுக்கப்பட்டிருந்தது. அதன் முனையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மிளகளவு ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, வண்டியின் இரும்போடு இணைத்திருந்தது. இனி என்ஜின் எரிந்தாலும் உறைந்தாலும் முள் நடுவிலேயேதான் நிற்கும். இணைப்பு பளபளவென்று ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டு, மேலே உறையாக மஞ்சள் ஸ்லீவ் மாட்டியிருந்தது.

"மெக்கானிக் போட்ட ஹாரன் ஒயர் பக்கத்துலயே இருக்கு. முறுக்கி டேப் சுத்தினது. இந்தக் கைவேலை வேற." வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு ஸ்பீக்கர் ஒயரை எடுத்து மைக்செட்காரரிடம் நீட்டினார். அதிலும் அதே ஈயம், அதே மஞ்சள் ஸ்லீவ். "இது யார் வேலை?"

மைக்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"கொதிக்கிற வண்டியை முன்பின் தெரியாதவர் தலையில கட்டப் பார்த்தீங்க. மச்சான் ஓட்டிக் காட்டச் சாவியைக் கேட்டப்ப வாங்க வந்தவர் பக்கத்துல நின்னார். உண்மையைச் சொன்னா வியாபாரம் போயிடும். பாலம் வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டீங்க. இல்லேன்னா சும்மா ஓட்டிப் பார்க்கப் போறவங்களை எதுக்கு அவ்வளவு தடவை திரும்பச் சொல்லணும்?"

"அவன் மூடியைத் திறப்பான்னு நான் நினைக்கல மேடம்..." என்றார் அவர்.

அக்கா பேயறைந்தவள்போல் நின்றாள். பிறகு மெக்கானிக்கிடம் போய், "மன்னிச்சுடுங்கண்ணே" என்றாள். அப்புறம்தான் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"முள்ளு நடுவுல இருக்கிற வரைக்கும் பயப்படாதடான்னு அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்ததே நீங்கதானே?"

அவர் கிட்டே வர, அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. கண்ணு தெரிஞ்சாலும் தெரியாட்டாலும், மாமா எங்கன்னுதான் முதல்ல கேட்பான். நான் என்னங்க சொல்லட்டும்?"