மூன்றாவது புள்ளி

சின்மயிக்கு பாலு அண்ணாவின் மேல் பலத்த சந்தேகம்.

அஸ்தினாபுரத்தில் அவள் வீட்டுத் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர். அம்மாவின் பிரஷர் மாத்திரையை அங்கேதான் வாங்குவார்கள். போன மாதம் வரை அது ரோஸ் நிறம். இந்த மாதம் வெள்ளை! நாலு நாளாக அம்மாவுக்குத் தலைசுற்றல் வேறு. நேற்று பாத்திரம் கழுவும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

'பாலு மெடிக்கலில் போலி மாத்திரை!' என்று அம்மாவின் போனில் தெரு வாட்ஸப் குழுவுக்கு அடித்துவிட்டாள். அனுப்பும்போது விரல் தயங்கியது. ஒருவேளை பொய்யாக இருந்தால்? அப்புறம் அவர் கடைக்கு யார் வருவார்கள்? அழித்துவிட்டாள்.

மாடி வீட்டு தீபலட்சுமி அக்கா பொத்தேரியில் பார்மசி படிக்கிறார். அவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"கம்பெனிதான் வேற பாப்பா, மருந்து அதேதான். நம்பிக்கை இல்லியா? இந்தா, எங்க வேணா காட்டிக்கோ!" பாலு அண்ணா ஒரு மாத்திரையை அக்காவிடம் நீட்டினார்.

இவ்வளவு தைரியமாகக் கொடுக்கிறாரே! நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கிறாரோ? சின்மயியின் சந்தேகம் இரண்டு மடங்கானது. வீட்டுக்கு ஓடினாள். அம்மா தினமும் எடுத்துப் போடும் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையும், பழைய அட்டையில் மிச்சமிருந்த ஒரு ரோஸ் மாத்திரையும் எடுத்து வந்தாள்.

சனிக்கிழமை, பேராசிரியரிடம் அனுமதி வாங்கி அவளைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார் அக்கா. மூன்று மாத்திரைகளையும் தனித்தனியாகப் பொடித்துக் கரைத்தார். வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு சின்னத் தகட்டின் அடியில் மூன்று புள்ளிகள் வைத்தார். கொஞ்சம் திரவம் இருந்த கண்ணாடி ஜாடிக்குள் அதை நிறுத்தினார்.

"திரவம் மேல ஏறும்போது மருந்தையும் தூக்கிட்டுப் போகும். ஒரே மருந்துன்னா ஒரே உயரத்துல நிக்கும்."

"அது ஏமாத்தாதாக்கா?"

"அதுக்கு பாலு அண்ணாவையும் தெரியாது, உன்னையும் தெரியாது."

பிறகு தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தார். ரோஸ் மாத்திரையின் புள்ளியும் கடை மாத்திரையின் புள்ளியும் ஒரே உயரம். டப்பா மாத்திரையின் புள்ளி மட்டும் கீழேயே நின்றிருந்தது.

"பாத்தீங்களா! எங்க அம்மாவுக்கு மட்டும் போலி!"

"இரு இரு. வேற மருந்துன்னுதான் இது சொல்லுது, போலின்னு சொல்லல. உங்க வீட்ல வேற யாரு மாத்திரை போடறாங்க?"

சின்மயிக்கு முகம் வெளிறியது. அப்பா! அவருடைய சர்க்கரை மாத்திரையும் வெள்ளைதான். பாலு அண்ணா அட்டையை வெட்டி நாலைந்தாகத்தான் கொடுப்பார். வெட்டிய துண்டில் முழுப் பெயர் இருக்காது. ஃப்ரிட்ஜ் மேல் இறைந்து கிடக்கிறதே என்று போன வாரம் எல்லாத் துண்டுகளையும் ஒரே டப்பாவில் அழகாக அடுக்கி வைத்தது யார்? சாட்சாத் சின்மயிதான்!

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்று மாலையே அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். மாத்திரைகள் இரண்டு டப்பாக்களுக்குப் பிரிந்தன. ஒரு வாரத்தில் அம்மாவின் தலைசுற்றல் நின்றது. சின்மயிக்கு அப்போதுதான் சோறே இறங்கியது.

மறுநாள் ஒரு மார்க்கர் பேனாவோடு கடைக்குப் போனாள்.

"அண்ணா, இனிமே அட்டையை வெட்டினா, பின்னாடி பேரு எழுதிக் குடுங்க."

"அன்னிக்கு மொறச்சிகினே போன, இன்னிக்கு பேனாவோட வந்துகீற! இன்னா, திருடனைப் புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்ணா. நான்தான்."

பாலு அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவை வாங்கி, வெட்டிய துண்டு ஒன்றின் பின்னால் எழுத ஆரம்பித்தார். சரியாகத்தான் எழுதுகிறாரா என்று சின்மயி எட்டி எட்டிப் பார்த்தாள்.