எப்போதும் பூட்டியிருக்கும் கதவு

ஜவுளிக்கடையைச் சோதனையிட நோட்டீஸ் அம்மா வர வேண்டிய நேரம் பதினொரு மணி. தீ பத்தே காலுக்கே வந்துவிட்டது.

அவர் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மாடி ஜன்னல்கள் கருத்திருந்தன. தெருவில் தண்ணீர் ஓடியது. கடை மாடியில் துணி தைக்கும் தையல்காரம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. புகையைக் குடித்து மயங்கியிருந்தாள். உயிர் இருந்தது, பேச்சுதான் இல்லை.

கடை கடையாக நோட்டீஸ் கொடுத்தே அந்தப் பெயர் வாங்கிய நோட்டீஸ் அம்மா தீயணைப்புத் துறையில் தடுப்புப் பிரிவு ஆய்வாளர். தீயை அணைக்கிறவர்களுக்குத் தெருவே கை தட்டும். தீ வராமல் பார்த்துக்கொள்கிறவரைக் கண்டால் தெருவே முகத்தைச் சுளிக்கும். அவர் வருகிறார் என்று போன் வந்தாலே, படிக்கட்டை அடைத்துக் கிடக்கும் அட்டைப்பெட்டிகளுக்குக் கால் முளைத்துவிடும். அவர் போனதும் அதே கால்களோடு திரும்பி வரும். இருபது வருஷமாக இதுதான் வேலை. அலுத்துப்போயிருந்தார், ஆனால் அந்த அலுப்பை ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான்மா," என்றார் எஸ்.ஐ. "மாடிப் பின்கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. சாவி வாட்ச்மேன் பாக்கெட்ல. உள்ள மாட்டுன தையல்காரம்மா அந்தாளு சம்சாரமே. அவசர வழி பூட்டியிருந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளை உள்ள வெச்சுடுறேன்."

வாட்ச்மேன் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தீ பிடித்ததிலிருந்து அவர் தெருவை விட்டு நகரவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மூன்று முறை எழுந்தாராம். மூன்று முறையும் கான்ஸ்டபிள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாராம்.

"நான் திறந்துதான் வெச்சேன்மா. பூட்டைக் கழட்டிப் படிக்கட்டுக் கம்பியில மாட்டிட்டு, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு வெச்சேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"கதவு திறந்திருக்கிறதை யாரு நின்னு பார்ப்பாங்க?"

கடை முதலாளி முந்திக்கொண்டார். "நான்தான்மா திறக்கச் சொன்னேன். நீங்க வர்றீங்கன்னுதான். காலையில வாளி, குழாய், பின்கதவுக் கைப்பிடி எல்லாத்துக்கும் சிவப்பு பெயிண்ட்கூட அடிக்கச் சொன்னேன். வாட்ச்மேன்தான் அடிச்சாரு."

"மத்த நாள்ல கதவு?"

முதலாளி கூரையைப் பார்த்தார். தெருவில் நின்றதால் அங்கே வானம்தான் இருந்தது. "மத்த நாள்ல திருடன் வருவானேம்மா."

அப்போது ஒரு நாற்காலி வந்தது. பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர். கொண்டுவந்தவர் கட்டடக்காரர், கடையை வாடகைக்கு விட்டிருக்கும் சொந்தக்காரர். கடைக்குப் பின்னால் இருப்பது அவர் வீடு. பின்கதவிலிருந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு அவர் முற்றத்தை ஒட்டிய சந்தில்தான் முடிகிறது. தெருவில் யாருக்கும் ஒரு நாற்காலி நகர்த்தாத மனிதர் இன்று ஓடி ஓடி உபசரித்தார்.

"உட்காருங்கம்மா. பாவம், எவ்வளவு அலைச்சல் உங்களுக்கு. நான் அப்பவே சொன்னேன் இவங்கிட்ட, பின்வழியைப் பூட்டாதேன்னு. கேட்டாத்தானே? வாடகை ஒப்பந்தம் இன்னும் ஆறு வருஷம் இருக்குன்னு தெனாவட்டு. இனி கடை அனுமதி ரத்துதானேம்மா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா, பொதுநலத்துக்குத்தான்."

நோட்டீஸ் அம்மா டம்ளரை வாயருகே கொண்டுபோனார். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. பழைய கட்டடம், என்ன தொட்டியோ என்று நினைத்தபடி டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

மணி பன்னிரண்டு. முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினார்.

தீ பிடித்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின், ஃபேன், கெட்டில் நான்கும் தொங்கின. பாக்ஸ் உருகிக் கருப்பு அல்வாவாகக் கிடந்தது. போன வருஷ நோட்டீஸிலேயே இதை எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்திருந்தார்கள், அன்று ஒரு நாள் மட்டும்.

தையல்காரம்மாவின் நாற்காலி பின்கதவை முதுகால் உரசுகிறாற்போல் இருந்தது. அவளோ புகைக்குள் புகுந்து முன்படிக்கு ஓடியிருக்கிறாள். பாதி வழியில் விழுந்திருக்கிறாள்.

"கதவை எப்போ திறந்தீங்க?" என்று தீயணைப்பு வீரரைக் கேட்டார்.

"புகையெல்லாம் அடங்கின பிறகு மேடம். உள்ளயிருந்து தள்ளினோம், வரல. சுத்தி வந்து கொண்டியை வெட்டி, கடப்பாரையால நெம்பினோம்."

"கைப்பிடியைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். பெயிண்ட் ஈரமா இருந்துச்சு."

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அதன் கனத்தில், மூடினால் நிலைக்குள் மறைந்துபோகும் விளிம்பில், அவர் விரலை ஓட்டினார். விரல் கருத்தது. கதவு பொருந்தி உட்காரும் நிலையின் தடத்திலும் அதே கரி. வெளியே கைப்பிடியின் ஈரச் சிவப்பில் கரி அப்பியிருந்தது. நடுவில் மட்டும், நாலு விரல் அகலத்துக்கு வழித்தாற்போல் ஒரு தடம். வெட்டிய கொண்டியில் பூட்டு இன்னும் தொங்கியது. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். திறக்கத்தான் சாவி வேண்டும்.

கீழே இறங்கியதும், "எல்லாரும் கையைக் காட்டுங்க," என்றார்.

எஸ்.ஐ. சிரித்தார். "ஜோசியமாம்மா?"

வாட்ச்மேனின் நகக்கண்ணெல்லாம் சிவப்பு. முதலாளியின் உள்ளங்கையெல்லாம் கரி. கட்டடக்காரர் இரண்டு கையையும் பளிச்சென்று நீட்டினார். நோட்டீஸ் அம்மா அருகே குனிந்து மோந்து பார்த்தார். கோளாறு தண்ணீரில் இல்லை, டம்ளரைப் பிடித்த கையில்.

"மண்ணெண்ணெய்," என்றார்.

எஸ்.ஐ.யும் குனிந்து மோந்தார். முகம் மாறியது. "அடப்பாவி. தீ வெச்சது நீதானா?"

"தீயை யாரும் வைக்கல சார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வெச்சுக்கிச்சு. இவரு வெச்சது வேற." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூடியிருக்கிற கதவோட விளிம்புல கரி படியாது. புகை வந்தப்போ கதவு திறந்திருந்திருக்கு. வாட்ச்மேன் சொன்னது நெஜம். ஒருத்தர் பின்படி ஏறி வந்திருக்காரு. கைப்பிடியைப் பிடிச்சுக் கதவைச் சாத்தியிருக்காரு. கம்பியில தொங்கின பூட்டை மாட்டி அழுத்தியிருக்காரு. சாவியே வேணாம்."

"கைப்பிடியைப் பெயிண்ட் அடிச்ச வாட்ச்மேன்கூடப் பிடிச்சிருக்கலாமே?" என்றார் எஸ்.ஐ.

"அது கரி படியறதுக்கு முன்னாடி. இந்தத் தடம் கரியை வழிச்சுட்டுப் போயிருக்கு. பெயிண்ட், அதுமேல கரி, அதுக்கப்புறம்தான் கை. தீ பிடிச்சதுலயிருந்து வாட்ச்மேன் இதே தெருவுல எல்லார் கண் முன்னாடியும் இருந்தாரு. முதலாளி கையில கரி இருக்கு, பெயிண்ட் இல்ல. இவரு கையில ரெண்டுமே இல்ல. ஈர பெயிண்ட் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குத்தான் போகும்."

"எதுக்குய்யா பூட்டின?"

கட்டடக்காரர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நோட்டீஸ் அம்மாவே சொன்னார். "அவசர வழி பூட்டியிருந்தா அனுமதி ரத்தாகும். அனுமதி போனா ஒப்பந்தம் போகும். ஆறு வருஷம் காத்திருக்க வேணாம். தப்பை மறைக்கிறவங்களை இருபது வருஷமா பார்க்கிறேன் சார். இல்லாத தப்பை உண்டாக்கினவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

கட்டடக்காரரிடம் திரும்பினார். "சாத்தறதுக்கு முன்னாடி, உள்ள ஆள் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"பார்த்தீங்களா?"

எஸ்.ஐ. அவரை ஜீப்புக்கு அழைத்துப் போனார்.

முதலாளிக்கு உயிர் திரும்பியது. "அப்போ அனுமதிக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கு. மத்த நாளெல்லாம் பூட்டுறதா நீங்களே இவ்வளவு பேர் முன்னாடி சொன்னது இருக்கு. அனுமதி நிறுத்தம்."

ஜீப் படியில் ஒரு கால் வைத்திருந்த கட்டடக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"சும்மா வீட்ல உட்கார்ந்திருந்தாலே கடை மூடியிருக்கும்யா," என்று எஸ்.ஐ. அவரை உள்ளே தள்ளினார்.

சாயங்காலம் நாலு மணி. ஆஸ்பத்திரி. தையல்காரம்மாவுக்குத் தகரத்தைச் சுரண்டினாற்போல் குரல் வந்திருந்தது. வாட்ச்மேன் கட்டிலுக்கு ஒரு கஜம் தள்ளியே நின்றார்.

"கதவு உங்க முதுகுக்குப் பின்னாடிதானே இருந்துச்சு? ஏன்மா முன்பக்கம் ஓடினீங்க?"

"அது எப்பவும் பூட்டித்தானே கிடக்கும்."

"நீங்க ஓடினப்போ திறந்துதான்மா இருந்துச்சு. காலையிலேயே உங்க வீட்டுக்காரர் திறந்து வெச்சுட்டாரு. பூட்டினது கட்டடக்காரர், அதுக்கப்புறம்."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சோதனைக்குத்தானே..." வாட்ச்மேன் நகக்கண்ணிலிருந்த சிவப்பைச் சுரண்டினார். "மத்தியானம் மறுபடி பூட்டத்தானே போறோம்னு..."

பேனாவைத் திறந்த நோட்டீஸ் அம்மா எழுதவில்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு கடையிலும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதெல்லாம் இப்படி ஒரு மத்தியானம் வரைக்கும் திறந்திருந்த கதவுகளைத்தான்.

தையல்காரம்மா இருமி முடித்தாள். பிறகு அவள் கட்டிலின் ஓரத்தைத் தட்டினாள். வாட்ச்மேன் வந்து உட்கார்ந்தார்.

"இவரை ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

"நம்பியிருக்க மாட்டீங்கன்னு எழுதிக்கவா?" என்றார் நோட்டீஸ் அம்மா.

"எழுதிக்கோங்க."