சீம்பால்

குழந்தை வீரிட்டு அழுதபோதெல்லாம் கல்லாய் இறுகிக் கிடந்த மார்பு, ரகுநாதன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கணத்தில், யாரும் கேட்காமலே சுரந்து நீலாவின் ரவிக்கையை நனைத்தது.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அவன் குளிக்கப் போனதும் அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்தாள். டெட்டால் நெடிக்கு அடியில், புளித்த பாலும் வெதுவெதுப்பான வைக்கோலும் கலந்து, ஏதோ ஒரு சின்ன உயிரின் தோல் மணம். தன் குழந்தையின் உச்சியில் இருக்க வேண்டிய மணம். குழந்தையிடம் மருந்து வாடைதான் இருந்தது. பிறந்து பத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. கண்ணில் பீளை. இரண்டு வாய் சப்பிவிட்டு, அந்நியரைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஹப்சிகுடா குவார்ட்டர்ஸின் கொல்லை அறையைப் பூட்டிச் சாவியை ரகுநாதன்தான் வைத்திருந்தான். தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துச் சாமான்கள் என்று சொல்லியிருந்தான். கதவிடுக்கில் பகலும் இரவும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் கசிந்தது.

“நீலாம்மா, உங்க வூட்டுக் கொல்லையில என்னா கத்துது? சூவர் மாதிரி, பன்னி மாதிரி!” மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜுலைகா கேட்டாள். வேலூர்க்காரி, ஹைதராபாத்துக்கு வந்து பல வருஷம். “எங்க வூட்டுக்காரர் காதுல விழுந்துச்சுன்னா, மதிலை மாடி ஒசரத்துக்குக் கட்டிருவாரு!”

சிரித்தவள், நீலாவின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“ஹாய் அல்லா, புள்ளை ஏன் இப்படி வத்திப் போச்சு? மொதப் பாலு குடுத்தியா இல்லியா?”

“சீம்பால் ஆகாதுன்னு பீய்ச்சிக் கொட்டிட்டோம்.”

“யாரு சொன்னது? மாமியாரா?”

“அவாதான் இல்லையே. இவர்தான் சொன்னார்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவளுக்கே கேட்டது. ராகு காலத்தைக் கேலி செய்கிறவன். திருஷ்டி சுற்றக் கற்பூரம் ஏற்றினாலே முகம் சுளிக்கிறவன். ஆஸ்பத்திரியில் மட்டும் வெள்ளிக் கிண்ணத்தோடு கட்டிலருகில் நின்று, “பெரியவா சொன்னா காரணம் இருக்கும், நீலா. பீய்ச்சிக் குடு, செடிக்குக் கொட்டிடறேன்” என்று அவள் நெற்றியைத் தடவினான். ஒவ்வொரு முறையும் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. எவ்வளவு பிரியம் என்று அப்போது அவளுக்குக் கண் கலங்கியது.

அன்று சாயங்காலம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், அந்தப் பால் எங்கே போயிற்று என்று கேட்டேவிட்டாள். அவன் மறைக்கவில்லை. பரிசு வாங்கி வந்த பிள்ளைபோல் முகம் மலர்ந்தான்.

“மனுஷக் குழந்தைக்கு அம்மா வயித்துலயே கொஞ்சம் காவல் கிடைச்சுடும். பன்னிக்குட்டி வெறும் உடம்போட வந்து விழும், நீலா. நோயை எதிர்க்க அதுக்கு முதல் பால்தான் எல்லாம். அது இல்லாம நாங்க வளத்த குட்டியெல்லாம் செத்துப் போச்சு. இது ஒண்ணுதான் நிக்கறது.”

“அதுக்கு என் பாலா?”

“உள்ளே போனதும், அது உடம்புல தூங்கிண்டிருந்த ஜீனெல்லாம் ஒண்ணொண்ணா முழிச்சுண்டுது. ரத்தம் எடுத்துப் பாத்தேன். கொழுகொழுன்னு வளர்றது, நீலா!”

“ஏன்னா, நம்ம குழந்தை?”

“சமாளிச்சுப்பான்” என்றான். கூடத்தில் தொங்கிய தூளியின் பக்கம் அவன் பார்வை போகவில்லை.

நீலா உள்ளறைக்குப் போய்ப் பெட்டியை இழுத்தாள். குழந்தையை எடுத்துக்கொண்டு ஜுலைகா வீட்டுக்கு. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. துணிகளை அள்ளித் திணிக்கும்போது மின்சாரம் போயிற்று. ஜன்னல் வழியே தெரிந்த சிவப்பு வெளிச்சமும் அணைந்தது. “ஐயோ, குளிர்ல விறைச்சுப் போயிடுமே” என்று ரகுநாதன் மழையில் ஓடுவது கேட்டது. கொல்லைக் கதவு. பூட்டு. பிறகு ஓர் அழுகை. எங்கிருந்து என்று தெரியாத, பசித்த, கூர்மையான அழுகை. மார்பில் ஊசிகள் குத்தின. ரவிக்கை நனைந்தது.

“குழந்தையைக் கொண்டு வாங்கோ” என்று கத்தினாள்.

ஈரக் காலடிகள் வந்தன. அவளுடைய பழைய புடவையில் சுற்றிய பொட்டலத்தை இருட்டில் மடியில் வைத்தான்.

“முதல்ல பசியாறட்டும்” என்றான் மென்மையாக. போய்விட்டான்.

குழந்தை பற்றிக்கொண்டது. இத்தனை நாள் இல்லாத வலுவோடு முட்டி முட்டிக் குடித்தது. நீலாவுக்கு அழுகை வந்தது. என் கண்ணே, குடி. உடம்பு கொதித்தது. காய்ச்சல்தான். குடி. தொண்டைக்குள் உறுமினாற்போல் ஒரு சின்னச் சத்தம். சளியாக இருக்கும்.

பல் பட்டது.

விரல்கள் புடவைக்குள் நகர்ந்தன. காது. மெல்லிய, கூரான காது. அதன் மேல் மயிர்.

கதவுக்கு அப்பால் தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்கும் அப்பால், கூடத்துத் தூளியிலிருந்து, ஈனமாக ஓர் அழுகை. அவள் குழந்தையின் அழுகை. ஒரு முறை. இன்னொரு முறை, இன்னும் மெலிதாக.

அப்புறம் மழை மட்டும்.

மடியில் இருந்தது அவளை முட்டியது. பால் நிற்கவில்லை.