ஏலக்காய் மூட்டை கிடந்த இடம்

காலடிப்பேட்டை மளிகை மொத்த வியாபாரி ஞானதுரை காலையிலேயே ஞானசெல்வியின் வாசலில் வந்து நின்றார். துறைமுகச் சுங்கத்தில் கப்பல் கப்பலாகத் துருவிப் பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளிடம், விலை சொல்லும் குரலிலேயே குறையையும் சொன்னார்.

"கிட்டங்கியில ஒரு மூட்டை ஏலக்காயைக் காணலம்மா. சாவி மூணு பேர்ட்டதான். எடுத்தது மூட்டை தூக்குற வேலப்பன்தான். சாயங்காலம் போலீஸ்ல விட்டுருவேன். மூட்டை எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மாளின் எல்லாத் துப்புக்கும் துணை, ஆட்டோக்காரப் பிரகாஷ். வழியில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா மேடம் அது, கிட்டங்கி? நாம குடோன்னுதானே சொல்றோம்?"

"ரெண்டும் கிடங்குதான். அந்தக் காலத்துல கோட்டையைச் சுத்தின பள்ளத்துக்குக் கிடங்குன்னு பேரு. அப்புறம் சரக்கு கிடக்கிற இடம் ஆச்சு. கப்பலேறி மலாய்க்காரன் வாயில 'குதாங்' ஆகி, வெள்ளைக்காரனோட குடோனா திரும்பி வந்துச்சுன்னு சொல்றாங்க."

"நம்ம சரக்கையே பேரை மாத்தி நம்ம தலையில கட்டிட்டானா! பலே கில்லாடி!"

கிடங்கு வாசலில் சாவி வைத்திருந்த மூவர் காத்திருந்தனர்: இடுப்புப் பெல்ட்டோடு குனிய முடியாத கணக்கர் சுப்புராஜ், ஞானதுரையின் அக்காள் மகன் ஜெஸ்வின், நேற்றிலிருந்து உள்ளே விடப்படாத வேலப்பன். பிரகாஷ் பூட்டு, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் முகராத குறையாகப் பார்த்து வந்தான். ஞானசெல்வியோ மல்லி மூட்டை அடுக்குகளைச் சுற்றி வந்து, ஒன்றின் எதிரே நின்றார்.

"பிரகாஷ், இதுல என்ன வித்தியாசம்?"

அவன் விழித்தான். பிறகு பளிச்சென்று பிடித்தான். "மத்ததுல தையல் போட்ட வாய் உள்பக்கம் கீது. இது மட்டும் வெளிய பாத்துகினு கீது!"

"ஏன் உள்பக்கம், வேலப்பன்?"

"தையல் வுட்டாலும் சரக்கு கொட்டாதும்மா. தூக்கத்துலகூட அப்டித்தான் அடுக்குவேன்."

அடுக்கைப் பிரித்தார்கள். மல்லிக்கு நடுவே ஏலக்காய் மூட்டை கிடந்தது.

"சரக்கு வெளியே போகவே இல்லை," என்றார் ஞானசெல்வி. "வேலப்பனைப் போலீஸ் கொண்டுபோனதும், மல்லியோட மல்லியா லாரி ஏறியிருக்கும். அடுக்கினது மூட்டை தொட்டுப் பழகாத கை. சுப்புராஜால தண்ணிக் குடம்கூடத் தூக்க முடியாது. மிச்சம் யாரு?"

"மாமா..." என்றான் ஜெஸ்வின்.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். "சரி, சரி, வீட்டு விஷயம். வேலப்பா, போய் வேலையப் பாரு."

வேலப்பன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "திருடன் திருடன்னு தெருவுக்கே கேக்கக் கத்துனீங்களே மொதலாளி. எம் பேரு இன்னும் அங்கதான் கீது. அத்த இட்டாந்துட்டு வேலை சொல்லுங்க."

பிரகாஷ் ஞானதுரையைப் பார்த்தான். எதற்கும் பேரம் பேசிப் பழகிய அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுத் தெருவை நோக்கி நடந்தார்.