வெளியே இருக்கும் குமிழ்

உள்ளே இருக்க வேண்டிய பூட்டுக் குமிழ் வெளியே, நடைப்பக்கம் இருந்தது. பூட்டு மாட்டியே தலை நரைத்தவர் அவர். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்த மடையன் பார்த்த வேலை இது? இப்படி மாட்டினால் படுக்கையறைக்குள் இருப்பவர் சாவியில்லாமல் வெளியே வர முடியாதே! அப்புறம்தான் தன் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் கனப்பதை உணர்ந்தார்.

நெஞ்சில் தையல் சுரீரென்று இழுத்தது.

"இதய ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு முழுக்க அழற்சி இருக்கும். சில பேருக்கு அது மூளையையும் தொடும். செஞ்சது மறந்துடும். வீட்டம்மா கூடவே இருக்கணும்," என்று டாக்டர் சொன்னபோது, "என்னைக்கு என்னைத் தனியா விட்டா!" என்று இவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கூடவேதான் இருக்கிறாள். மாத்திரை, வெந்நீர், மறுபடி மாத்திரை.

சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மருந்து வாடையும் காயாத துணியின் வாடையும் நடையில் தேங்கி நிற்க, சமையலறையில் அவள் கரண்டியால் டம்ளரைக் கலக்கும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு டம்ளரை இவ்வளவு நேரமா கலக்குவாள்?

கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து.

"ஏங்க, நான்தாங்க. காலையிலேர்ந்து கத்துறேன். வர்றீங்க, நிக்கிறீங்க, மறந்துட்டுப் போயிடுறீங்க. மூச்சு முட்டுதுங்க. இன்ஹேலர் ஹால்ல இருக்கு. குமிழைத் திருப்புங்க."

மனைவியின் குரல். அவளேதான்.

அப்படியானால் காலையில் மாத்திரை கொடுத்தது யார்?

கரண்டிச் சத்தம் நின்றது.

குமிழைப் பிடித்தார். எந்தப் பக்கம்? ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்த கை. எந்தப் பக்கம்?

"இடது பக்கம்ங்க. இடது!"

இடது எது? இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியவில்லை. உள்ளே மூச்சு விசிலடித்தது. இழுத்தது. தேய்ந்தது.

"இரும்மா. இதோ. இதோம்மா." அழுகை வந்துவிட்டது.

கதவடியில் விரல்கள் நீண்டன. நடுங்கின. அப்படியே நின்றுவிட்டன.

பின்னால் ஈரக் காலடி. தோளில் குளிர்ந்த கை.

"நல்ல வேளை, நான் சொன்ன மாதிரியே மாட்டிட்டீங்க," என்றது அதே குரல். "வாயைத் திறங்க."

கதவடியில் கிடந்த விரலில் கல்யாணத்தில் அவர் போட்டுவிட்ட மோதிரம். தோளில் இருந்த விரலிலும் அதே மோதிரம்.

அவர் வாயைத் திறந்தார்.